குப்பி வெளியே வேர்த்திருந்தது

மே 6, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பியோடு விடிந்தது நாள். அக்னி நட்சத்திரம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதற்குள் இப்படி.

வயலில் பெட்டியை நட்டாயிற்று. செழியன் கடப்பாரையால் குழி போட்டான். நான் பெட்டியின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளையடித்த மரப்பெட்டி, காற்று உள்ளே போய்வர நாலு பக்கமும் சாய்வுப் பலகை. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்றில் வெறும் குமிழ். இன்னொன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணி சுற்றி, துணியின் வாலைக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டிருக்கிறேன். குப்பியில் தண்ணீர். அவ்வளவுதான் கருவி. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் பாடத்தில் இதைக் கரும்பலகையில் படமாக வரைந்ததோடு சரி. வரப்பில் நிறுத்திப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

போன குறுவையில் நடவுக்கு வந்த ஒரு பெண் சேற்றிலேயே மயங்கிச் சாய்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, அரைமணி நேரத்தில் மறுபடியும் இறக்கிவிட்டார்கள். அப்போதிலிருந்து இந்த யோசனை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னதும் செழியன், "என் வயல்லயே ஆரம்பிப்போம்க்கா" என்றான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

'என் வயல்.' துரைராசு ஐயாவின் நிலம் அது. அவர் பிள்ளைகள் கனடாவில். அப்பா கடைசி வரைக்கும் அந்த நிலத்தில் கூலிக்குத்தான் உழுதார். அம்மா கூலிக்கு நட்டாள். சிங்கப்பூர் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்த தம்பி இப்போது அதையே குத்தகைக்குச் செய்கிறான். வரப்பில் குடை பிடித்து நிற்பது எங்கள் வீட்டு ஆள். எழுதும்போதே பெருமையாக இருக்கிறது. இருக்கட்டுமே.

பேசிக்கொண்ட ஏற்பாடு இதுதான்: துணி சுற்றிய வெப்பமானி முப்பதைத் தொட்டால் எல்லோரும் கரையேற வேண்டும். அன்றைய கூலி முழுசாக உண்டு. பெண்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு செழியனே இதைச் சொன்னான்.

மே 8, வியாழன்

நடவு தொடங்கியது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நடவு. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாளாகும்.

ஆட்களைக் கூட்டிவந்தது கமலாம்பா அத்தை. அவளும் அம்மாவும் இந்த ஊருக்கு ஒரே வருஷத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அம்மாவுக்கு முழங்கால் போனபிறகு நடவுக்கு இறங்குவதில்லை. பெரிய ஜக்கில் ஐஸ் தண்ணீரும் தூக்கில் மோரும் எடுத்துக்கொண்டு வரப்புக்கு வருவாள்.

பெட்டியைப் பார்த்துவிட்டு அத்தை கத்தினாள்: "என்னாடி அம்சு, ஒம்பொண்ணு நெல்லுக்குக் காய்ச்சலான்னு பாக்க வந்திருக்காளா?"

"நெல்லுக்கில்லடி, ஒனக்குத்தான்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு எதுக்கு டீச்சரு? ஒண்ணு போதாதா?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

"ஒண்ணு காத்தோட சூடு அத்த. இன்னொண்ணு ஒங்க ஒடம்பு படப்போற பாடு."

பிறகு வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத துகள்களின் கூட்டம். எல்லாம் ஒரே வேகத்தில் அலைவதில்லை. வேர்வையில் இருக்கிற வேகமான துகள்கள் காற்றுக்குள் தாவிப் போய்விடும். மெதுவானவை தோலில் மிஞ்சும். வேகம் குறைந்தால் சூடு குறைந்தது என்று அர்த்தம். அதனால்தான் வேர்த்தால் குளிர்கிறது. ஆனால் தண்ணீர் நிற்கிற வயலில், காற்று அசையாத நாளில், காற்றிலேயே ஈரம் நிறைந்து கிடக்கும். வெளியே போகிற துகளுக்கு ஈடாக உள்ளே வந்து விழுகிற துகளும் இருக்கும். அப்போது எவ்வளவு வேர்த்தாலும் உடம்பு ஆறாது.

அத்தை இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப வேர்த்தா மட்டும் பத்தாது, வேர்வ காயணும்."

"அதேதான் அத்த."

"அதக் காயுதா காயலையான்னு இந்தத் துணி பாத்துச் சொல்லும்."

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

உச்சிக்கு முன்பே முப்பதைத் தொட்டது. செழியன் கைதட்டி, "ஏறுங்க, ஏறுங்க!" என்றான். புங்க மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் மோர் குடித்தார்கள். வேலை பாதியில் நின்றும் முழுக்கூலி வாங்கிப் போன பெண்களின் முகத்தை இன்றுதான் பார்த்தேன்.

மே 11, ஞாயிறு

செய்தித்தாளில் இருந்து ஒருவர் வந்தார். செழியனைப் பெட்டிப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். "எங்கப்பா இந்த வயல்ல வெயில்ல வெந்தவரு சார். எனக்கு அந்த வலி தெரியும்" என்றான் செழியன். அவர் என்னிடமும் ஏதோ கேட்டார். தம்பி சொன்னதே போதும் என்று சொல்லிவிட்டேன்.

மே 13, செவ்வாய்

நாளையிலிருந்து தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சி. காலையில் போனால் சாயந்தரம்தான். பெட்டியைச் செழியனிடம் ஒப்படைத்தேன். கண்ணை அளவுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும், துணி அழுக்கானால் மாற்ற வேண்டும், குப்பி வற்றவே கூடாது – எல்லாம் சொன்னேன்.

"தண்ணி தீந்தா வாய்க்கா ஓரமா வச்சிருக்கிற பாட்டில்லேருந்து ஊத்து. அம்மா ஜக்குலேருந்து ஊத்திடாத. ஐஸ் தண்ணி பட்டா ரொம்ப நேரத்துக்குக் கொறச்சுக் காட்டும்."

"சரிங்க டீச்சர்" என்று சிரித்தான்.

மே 15, வியாழன்

சாயந்தரம் கேட்டேன். இருபத்தெட்டைத் தாண்டவில்லையாம். நல்ல காற்று போலிருக்கிறது.

மே 16, வெள்ளி

இன்றும் இருபத்தெட்டு. பயிற்சி நடந்த ஹாலில் மின்விசிறிக்குக் கீழேயே எங்களுக்கு முதுகு ஒட்டிக்கொண்டது. திரும்பி வருகையில் பஸ்ஸில் ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்தது. வயலில் மட்டும் எப்படி இவ்வளவு காய்ந்த காற்று? – ஆற்றோரம் என்பதாலா? தெரியவில்லை. நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

மே 17, சனி

போகவில்லை. துணி துவைத்தேன். சாயந்தரம்வரைக்கும் காயவில்லை.

மே 20, செவ்வாய்

அத்தை விழுந்துவிட்டாள்.

செழியன் போன் செய்தபோது பயிற்சியில் இருந்தேன். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, ஓடிவந்தேன். நான் வருவதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டது. நட்டு முடிக்காத பாத்தியில் நாற்று முடிகள் சிதறிக் கிடந்தன. பெண்கள் வரப்பில் நின்றார்கள். ஒருத்தி சொன்னாள், அத்தை காலையிலிருந்தே ஏதோ சம்பந்தம் இல்லாமல் பேசினாளாம், நட்ட இடத்திலேயே திரும்ப நட்டாளாம், சிரித்தாளாம். பிறகு அப்படியே முகம் குப்புற.

"அளவு எவ்வளவுடா இருந்துச்சு?"

"இருபத்தேழரைக்கா. வேணும்னா நீயே பாரு."

பெட்டியைத் திறந்தேன். இருபத்தெட்டு. குப்பி வெளியே வேர்த்திருந்தது. விரலால் துடைத்தேன், கதவைச் சாத்தினேன், ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

உடம்புச் சூடு நூற்றாறுக்கு மேல். பாரன்ஹீட். எங்கள் கணக்கில் நாற்பத்தொன்று. உடம்பெல்லாம் ஈரத்துணி போர்த்தி விசிறி வைத்திருக்கிறார்கள். கையைத் தொட்டேன். என் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். மனுஷ உடம்பு அப்படிச் சுடுமா?

மே 21, புதன்

நினைவு வரவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள். மூளையும் என்று டாக்டர் இழுத்தார். "இந்த வயசுல, இந்த வெயில்ல, யாருங்க வேலை பாக்க விட்டது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மகள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மகள் வானதி கும்பகோணத்தில் வங்கியில் வேலை பார்க்கிறாள். ராத்திரியே வந்துவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

செழியன் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்கிறான். "அளவு கம்மியாத்தான் இருந்துச்சு. அவங்களுக்குச் சுகர் இருக்கு, காலையில சாப்புடாம வந்திருக்காங்க."

அப்படியா? இருக்கலாம். இல்லை – என் வெப்பமானி தவறா? நான் கொண்டுபோய் வைத்த கருவி. நான் சொன்ன முப்பது. அது குறைத்துக் காட்டி, அதை நம்பி அவர்கள் வெயிலில் நின்றிருந்தால்?

மே 22, வியாழன்

வெப்பமானிகளைக் கழற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். விடுமுறை. காவலாளி ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்.

உடைத்த ஐஸ், உருகிக்கொண்டிருக்கிற ஐஸ் – அதில் இரண்டையும் இறக்கினேன். மெல்ல இறங்கி இரண்டுமே பூஜ்யத்தில் நின்றன. பிறகு கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் பிடித்தேன். நூறுக்கு ஒரு மயிரிழை கீழே. இரண்டும் ஒன்றுபோல.

உருகுகிற பனிக்கட்டி எந்த ஊரிலும் ஒரே அளவைத்தான் சொல்லும். அதனால்தான் உலகம் அதை நம்பி வெப்பமானிக்குக் கோடு போடுகிறது. என் வெப்பமானிகள் சரியாக இருக்கின்றன.

நிம்மதி வரவேண்டும். வரவில்லை. பெட்டியில் திரும்ப மாட்டிவைத்து, கூடவே நின்று பார்த்தேன். வெயில் அன்றைக்குப்போலத்தான். வயலில் நின்ற தண்ணீரும் அன்றைக்குப்போலத்தான். துணிக் குமிழ் முப்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

மே 23, வெள்ளி

வானதிக்குக் குடிக்க ஏதாவது வாங்கலாம் என்று ஆஸ்பத்திரி வாசல் கடைக்குப் போனேன். குளிர்பெட்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். வார்டுக்குப் போவதற்குள் பாட்டிலின் வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். என் விரலில் வழிந்தது.

மாடிப்படியில் நின்றுவிட்டேன்.

காற்றில் அலைகிற நீர்த்துகள் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் வேகம் இழந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி குளிர்ந்திருந்தால்தான் வெளிப்பக்கம் வேர்க்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

அன்றைக்குக் குப்பி வேர்த்திருந்தது. என் விரலே துடைத்தது. கொதிக்கிற வெயிலில், வரப்பு மேல், மூடிய பெட்டிக்குள் நிற்கிற ஒரு குப்பி ஏன் குளிர்ந்திருக்க வேண்டும்?

தெரியாமல் யாராவது ஊற்றியிருக்கலாம். ஜக்கில் இருந்ததை. குப்பி வற்றியிருந்தது என்று. அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குப் போகிறேன், கேட்கிறேன். அப்படித்தான் இருக்கும்.

(அதே நாள்)

கேட்டுவிட்டேன். எழுத்து எப்படி வருகிறதோ வரட்டும்.

செழியன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "குப்பியில யாருடா தண்ணி ஊத்துனது?" என்றேன்.

"நாந்தான். தீந்துபோயிருந்துச்சு."

"எந்தத் தண்ணி?"

"தண்ணிதாங்க்கா."

"ஜில்லுனு இருந்துச்சே."

"ஜக்குலேருந்து ஊத்தியிருப்பேன். அவசரத்துல."

நானே சொல்லிக்கொடுத்த பதில்போல இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவன் தட்டில் கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளா?"

தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தான்.

"செழியா, எத்தன நாளாடா?"

"நீ தஞ்சாவூர் போனதுலேருந்து" என்றான். அப்புறம் அடைத்திருந்த மடை திறந்த மாதிரி. "என்ன பண்ணச் சொல்ற? தெனம் பத்தரைக்கெல்லாம் முப்பதத் தொட்டுடுது. பாதி நாளுக்கு முழுக்கூலி. நாத்து முத்திப்போவுது. போர்ல தண்ணி எறங்கிக்கிட்டே இருக்கு. பக்கத்து வயல்ல எவனாவது பொட்டி வச்சிருக்கானா? துரைராசு ஐயா என்ன சொல்வாரு? இவனுங்களுக்கெல்லாம் நெலத்தக் குடுத்தா இப்பிடித்தான்னு சொல்வாரு. நீ மாசச் சம்பளக்காரி. எனக்கு யாரு சம்பளம் குடுக்குறது, வானமா?"

"அவங்ககிட்ட அதச் சொல்லியிருக்கலாமே. ஏற்பாட்ட மாத்திக்கலாம்னு கேட்டிருக்கலாமே. எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"பேப்பர்ல படம் வந்த பொறவா?"

அதைச் சொன்னபோது மட்டும் அவன் குரல் சின்னதாக இருந்தது.

"ஐஸ் தண்ணி ஊத்தணும்னு எப்பிடிடா தோணுச்சு?"

"நீதான சொன்ன. ஊத்துனா கொறச்சுக் காட்டும்னு."

நான்தான் சொன்னேன். ஊற்றாதே என்று சொன்னேன். அவன் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டிருக்கிறான்!

அதுவரைக்கும் அடுப்படியில் சத்தமே இல்லை. அம்மா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவன ஏண்டி இந்தக் கொடைச்சல் கொடையுற? சாப்புட்டு எந்திரிக்கட்டும். ஐஸ தெனம் சொம்புல தனியா எடுத்துக் குடுத்தது நாந்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்குன்னு தெரியுமாம்மா ஒனக்கு?"

"தெரியும்."

"அத்த நடுறாங்கன்னு தெரிஞ்சுமா? ஒங் கண்ணு முன்னாடி நடுறாங்க. அவங்களுக்கு நீயே மோர் ஊத்திக் குடுத்துக்கிட்டு –"

"நாங்க பொட்டியப் பாத்தா நட்டோம்? நீ வயித்துல இருக்கையில நான் நடல? அவ நடல? ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்." குரல் உடைந்தது. உடனே சரியாக்கிக்கொண்டாள். "வெளிய சொல்லிடாத. அவன் இந்த ஊர்ல தலையெடுக்க முடியாது. ஒங்கப்பன் குனிஞ்ச தல குனிஞ்சதாவே போயிட்டாரு."

அம்மா. அவனை விடு. அவன் பயந்தவன், பேராசைக்காரன், என்னவோ. ஆனா நீ? 'வாடி கமலாம்பா, மோர் குடி'ன்னு கூப்புட்டியே – அதே கையால.

மே 24, சனி

பெட்டியை நானே பிடுங்கினேன். யாரும் உதவிக்கு வரவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

மே 25, ஞாயிறு

அத்தை கண் திறந்தாள். யாரையும் தெரியவில்லை.

மே 26, திங்கள்

சொல்லிவிட்டேன்.

முதலில் வானதியிடம். வார்டுக்கு வெளியே, வராந்தாவில். ஐஸ், குப்பி, செழியன், அம்மா – எல்லாம். முடித்தபிறகு கேட்டாள்: "ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"வெள்ளிக்கிழம."

"இன்னிக்குத் திங்கக்கெழம."

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் இரண்டு நாள் எதற்குக் காத்திருந்தேன்? செழியன் தானாகப் போய்ச் சொல்லுவான் என்றா? அம்மா அழுது, 'போய்ச் சொல்லுடி' என்பாள் என்றா? ஆமாம். அதற்குத்தான்.

பிறகு ஊருக்கு வந்து, ரேஷன் கடை வாசலில் நடவுப் பெண்களிடம் சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம், செழியனைத் திட்டியிருக்கலாம். ஒருத்தி, என்னைவிட வயதில் சின்னவள், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்கூட்டுப் பொட்டிதான டீச்சர் அது."

ஆமாம். எங்கள் வீட்டுப் பெட்டி.

மே 29, வியாழன்

செழியன் வயலுக்கு யாரும் நடவுக்குப் போகவில்லை. அவன் என்னிடம் பேசுவதில்லை. அம்மா பேசுகிறாள் – 'சோறு இருக்கு', 'கரண்ட் போயிடுச்சு', இவ்வளவுதான்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. பிள்ளைகள் கறுத்துப்போய் வந்திருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

செழியன் வயலுக்கு நடவு மெஷின் வந்துவிட்டது. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வாடகைக்கு. மிச்சம் இருந்த வயலையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிட்டதாம். பெண்கள் ரோட்டில் நின்று பார்த்தார்களாம். 'பாருங்க, ஒங்க பொண்ணாலதான' என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதை என்னிடம் அப்படியே சொன்னாள். என்னாலா? ஒருவேளை ஊருக்கு அப்படித்தான் தெரிகிறதோ?

செழியன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டான். மூன்று வேளையும் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு தூக்கோடு நடக்கிறாள். ஒருநாள்கூட என்னை எடுத்துப்போகச் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

ஒன்பதாம் வகுப்பில் துகள் பாடம். ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், ஒரே ஒரு துகளுக்கு டெம்பரேச்சர் எவ்வளவு இருக்கும்?"

ஒரே துகளுக்கு வெப்பநிலை கிடையாது, அதற்கு வேகம் மட்டும்தான் உண்டு, கூட்டமாக இருக்கும்போது எல்லா வேகத்துக்கும் சேர்த்துப் போடுகிற சராசரிக்குத்தான் வெப்பநிலை என்று பெயர் – என்று சொன்னேன். நல்ல கேள்வி என்றும் சொன்னேன். பிறகு வெகு நேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 9, புதன்

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆள் அடையாளம் தெரிகிறது. பேச்சு இழுக்கிறது. எழுந்து நின்றால் தள்ளாட்டம். வலது கை நடுங்குகிறது; டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடுகிறது. வெயிலில் இனிமேல் போகவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு வெயிலை விட்டால் வேறு எது தெரியும்?

நான் போனேன். திண்டாடி என் பெயரைச் சொன்னாள். "எழி... லு." அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

வானதி வாசல்வரை வந்தாள். "அம்மாகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்கா" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"அம்சம் அத்த பேரச் சொன்னதும் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

செழியன் அறுத்துவிட்டான். நல்ல விளைச்சல் என்கிறார்கள். புது நெல்லில் ஒரு மூட்டையை அத்தை வீட்டுக்கு அனுப்பினான். மத்தியானத்துக்குள் அதே வண்டியில் திரும்பி வந்து எங்கள் வாசலில் இறங்கியது. பிரிக்கக்கூட இல்லை.

சாயந்தரம் அவன் வந்தான். மூட்டையைப் பார்த்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ போயிக் குடுத்தா வாங்கிக்குவாங்க" என்றான்.

"அதுக்காடா வந்த?"

"வேற எதுக்கு வரணும்ங்குற?"

என் தம்பி. கடப்பாரையால் குழி போட்டவன். அவனிடம் எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது, ராத்திரி ராத்திரியாகச் சொல்லிப் பார்த்தவை. "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போனான். மன்னித்துவிட்டேனா? இல்லை. பழக்கம்.

செப்டம்பர் 24, புதன்

சம்பா நடவு. துரைராசு ஐயாவின் இன்னொரு பங்கில் பெண்கள் நடுகிறார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். இருட்டு விலகும்போதே இறங்கிவிடுகிறார்களாம், வெயில் ஏறியதும் தாங்களாகவே ஏறிவிடுகிறார்களாம். யாரையும் கேட்பதில்லையாம். கையைத் தூக்கலாமா என்று நினைத்தேன். பஸ் போய்விட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. அம்மா அதிரசம் சுட்டாள். வருஷா வருஷம் முதல் தட்டு கமலாம்பா அத்தைக்குத்தான் போகும். இந்த வருஷமும் தட்டை எடுத்து வைத்து, வெள்ளைத் துணியால் மூடினாள். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நீயும் வர்றியா?" என்றாள்.

மே மாதத்திலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. போனேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வானதி கதவைத் திறந்தாள். விலகி வழிவிட்டாள். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. அம்மா உள்ளே கால் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். அம்மாவும் அதற்குத்தான் தயாராக வந்திருந்தாள் என்று நினைக்கிறேன். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க" என்றாள் அத்தை.

அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்று.

"உக்காருங்க. மழையில... நனைஞ்சிட்டீங்களா?" மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. கோபம் இல்லை. ரோட்டில் வழி கேட்டு வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி.

அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வானதி தட்டை வாங்கி, உள்ளே போய், அதிரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தட்டைக் கழுவி, அதில் கொஞ்சம் முறுக்கு வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "எதுக்குங்க இந்தச் செரமம்" என்றாள் அத்தை. அம்மா தட்டைத் துணியால் மூடிக்கொண்டாள். சுவர்க்கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தோம்.

வாய்க்கால் பாலத்தில் அம்மா முழங்கால் வலிக்கிறது என்று நின்றாள். தட்டின் மேல் இருந்த துணி நனைந்திருந்தது.

"நல்லாத் தேறிட்டாங்க, இல்ல?" என்றாள்.